முதியோரின் புராஸ்டேட் வீக்கமும் ரண சிகிச்சையும்: சில கருத்துகள்

ஆயுள் நீள்வது ஒரு நாட்டிற்கு நன்மையே. ஆயினும் நீண்ட ஆயுள் தனியே வருவதில்லை. முன்னாளில் அரிதாகக் காணப்பட்ட சில உபாதைகளையும் தன்னுடன் அழைத்து வருகிறது. 1951ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகள் என்று மதிப்பிடப்பட்டது. குழந்தைப் பருவ மரணங்கள் மிகுந்திருந்தமையே இதற்குப் பெருங்காரணம் எனினும், அறுபதைக் கடந்து வாழ்ந்தோரின் தொகையும் அக்காலத்தில் சிறியதே. இன்று அச்சராசரி 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. கேரளத்தில் 75 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, நாடு முழுவதிலும் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள், தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். ஆகவே, முதுமையின் நோய்களைப் பற்றி நாடு முழுவதும் நாளை எழவிருக்கும் கேள்விகள் திருவனந்தபுரத்தில் இன்றே எழுந்துவிட்டன.

அந்நோய்களுள் ஒன்று ஆடவர்க்கே உரிய புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். உயிரைப் பறிக்கும் கொடிய நோய்களின் வரிசையில் இதனை எவரும் சேர்ப்பதில்லை. எனினும், எத்தனையோ முதியவர்களின் உறக்கத்தையும், வெளியூர்ப் பயணத்தையும், கோயிலுக்கும் திருமண வீட்டிற்கும் செல்லும் மனத் துணிவையும் இது பறித்துவிடுகிறது. கவனியாது விட்டால் சிறுநீரகங்களையும் கெடுக்கிறது. இதற்கான ரண சிகிச்சை இன்று மிக உயர்ந்த நிலையை அடைந்துள்ளது. ஆனால், அச்சிகிச்சை வேண்டியவரைச் சென்றடைவதற்கும், வேண்டாதவரைத் தொடாமல் விடுவதற்கும் தேவையான ஏற்பாடு இன்னும் நிறைவு பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உறுப்பும் உபாதையும்

புராஸ்டேட் என்பது மூத்திரப்பையின் வாய்க்குக் கீழே, மூத்திரத் தாரையைச் சுற்றி அமைந்த ஒரு சிறு சுரப்பி. இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவு எனலாம். விந்துவுடன் கலக்கும் நீரின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் தொழில். நடுவயதிற்குப் பின், அதன் உட்பகுதி மெல்ல மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதை எட்டிய ஆடவருள் ஏறக்குறையப் பாதிப் பேரிடமும், எண்பதைக் கடந்தோருள் மிகப் பெரும்பாலாரிடமும் இப்பெருக்கத்தை நுண்பெருக்கியின் வழியே காணலாம். ஆனால், வீக்கம் உள்ள அனைவர்க்கும் உபாதை உண்டாவதில்லை. மிகப் பெரிய சுரப்பியை உடையவர் துன்பமின்றி வாழ்வதும், சிறிய சுரப்பியை உடையவர் பெரிதும் வருந்துவதும் உண்டு. சுரப்பி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது தாரையை எவ்வளவு நெருக்குகிறது என்பதே முக்கியம்.

நெருக்குண்ட தாரையின் வழியே மூத்திரத்தைத் தள்ளுவதற்காக மூத்திரப்பை மிகுந்து உழைக்கிறது. அதன் தசைச் சுவர் தடித்துப் போகிறது. தாரை மெலிகிறது, விட்டு விட்டு வருகிறது, கழித்த பின்னும் மிச்சம் உள்ளதென்ற உணர்ச்சி நீங்குவதில்லை. இரவில் மூன்று, நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது. பையில் எஞ்சி நிற்கும் நீரில் கிருமிகள் பெருகலாம், கற்கள் உண்டாகலாம். ஒருநாள் திடீரென்று மூத்திரம் முற்றிலும் அடைபட்டு, பொறுக்கவொண்ணா வலியுடன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லவேண்டிய நிலையும் நேரலாம். சளிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளே இத்தகைய அடைப்பைத் தூண்டிவிடுவதுண்டு. வேறு சிலரிடமோ வலியே இல்லாமல் பை நிரம்பி நிரம்பி விரிந்து, அதன் அழுத்தம் மேலே சென்று சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கிறது. இந்த வகையே மிகவும் அஞ்சத்தக்கது. ஏனெனில் நோயாளி வருந்தாமையால் எவரும் கவனிப்பதில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். இவ்வீக்கம் புற்றுநோய் அன்று; புற்றுநோயாக மாறுவதும் அன்று. வீக்கம் பெரும்பாலும் சுரப்பியின் உட்பகுதியில், தாரையை ஒட்டித் தோன்றுகிறது. புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்பகுதியில் தோன்றுகிறது. இரண்டும் ஒருவரிடமே இருத்தல் கூடுமாதலால், டாக்டர் விரலால் பரிசோதிப்பதும், தேவைப்படின் இரத்தப் பரிசோதனை செய்வதும் அவசியம். அன்றியும், வீக்கத்திற்காக ரண சிகிச்சை செய்துகொண்டவரிடம் சுரப்பியின் புறத்தோடு எஞ்சியே இருக்கும். "எனக்குத்தான் அதனை எடுத்துவிட்டார்களே, இனிப் புற்றுநோய் எங்கே வரும்?" என்று அவர் எண்ணியிருப்பது சரியன்று.

ரண சிகிச்சை வளர்ந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நோய்க்கு இருந்த கதி, குழாயைச் செலுத்தி மூத்திரத்தை வடிப்பது ஒன்றே. நாள்தோறும் தாமே குழாயைச் செலுத்திக்கொண்ட முதியவர்கள் பலர் கிருமி புகுந்து சில ஆண்டுகளில் மாண்டனர். 1890களில், விரைகளை நீக்கினால் சுரப்பி சுருங்கும் என்று கண்டு அதனையே ஒரு சிகிச்சையாகச் செய்தோரும் உண்டு.

இந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் இந்தியாவோடு தொடர்புடையவர். பீட்டர் பிரையர் என்னும் ஐரிஷ்காரர், இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வட இந்தியாவில் சிவில் சர்ஜனாக இருந்து, மூத்திரக் கற்களை உடைத்து எடுப்பதில் பெரும் பெயர் பெற்றார். ஓய்வு பெற்று லண்டன் சென்றபின், 1900ஆம் ஆண்டில் அடிவயிற்றைத் திறந்து, மூத்திரப்பையின் வழியே விரலைச் செலுத்தி, வீங்கிய சுரப்பியைத் தோண்டி எடுக்கும் முறையைக் கையாண்டார். இம்முறையை அவருக்கு முன்பே அமெரிக்காவில் புல்லர் என்பவர் செய்திருந்தார் என்பது உண்மை. எனினும் அதனை உலகறியப் பரப்பியவர் பிரையரே. 1912ஆம் ஆண்டில் அவர் தாம் செய்த ஆயிரம் சிகிச்சைகளின் விவரத்தை வெளியிட்டார். 1945இல் டெரன்ஸ் மில்லின் என்னும் மற்றோர் ஐரிஷ்காரர், மூத்திரப்பையைத் திறவாமலே சுரப்பியை நேராக அணுகும் வழியை வெளியிட்டார்.

வயிற்றைத் திறவாது, தாரையின் வழியாகவே கருவியைச் செலுத்தி, சுரப்பியைச் சிறு சிறு துண்டுகளாகச் சீவி எடுக்கும் முறை இதற்கிடையில் தோன்றி வளர்ந்தது. 1926இல் ஸ்டெர்ன் என்பவர் செய்த கருவியை 1930களின் தொடக்கத்தில் மக்கார்த்தி என்பவர் செம்மைப்படுத்தினார். மின்சாரம் பாயும் ஒரு கம்பி வளையம், கண்ணால் காணும் ஒரு தொலைநோக்கி, கழுவிச் செல்லும் நீர்: இம்மூன்றும் சேர்ந்ததே அக்கருவி. பின்னர், இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்னும் பௌதிக அறிஞர் கண்ணாடிக் கோல்களைக் கொண்டு 1959இல் அமைத்த தொலைநோக்கி, முன்னிலும் பன்மடங்கு தெளிவாக உள்ளுறுப்பைக் காட்டிற்று.

இதன் பயனை இரு எண்கள் தெரிவிக்கும். 1962இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கையில், தாரை வழிச் சிகிச்சை பெற்ற 2,015 பேருள் நூற்றுக்கு 2.5 பேர் இறந்ததாகக் கூறப்பட்டது. 1989இல், பதின்மூன்று நிலையங்களில் சிகிச்சை பெற்ற 3,885 பேரின் விவரம் வெளியாயிற்று. அதில் இறந்தோர் ஆயிரத்திற்கு இருவர் மட்டுமே. மயக்க மருந்து, இரத்தம், கிருமிக்கொல்லி மருந்துகள், கருவிகள் ஆகிய அனைத்தும் இம்மாற்றத்திற்குத் துணை புரிந்தன.

இம்முறையின் பழைய அபாயங்களுள் ஒன்று, கழுவுவதற்குப் பயன்பட்ட கிளைசின் கரைசல் இரத்தத்திற்குள் புகுந்து உப்புச் சத்தைக் குறைத்து மூளையைக் கலங்கச் செய்வதாகும். உப்பு நீரிலேயே இயங்கவல்ல இருதுருவ மின்கருவிகள் வந்தபின் அவ்வபாயம் பெரிதும் நீங்கிவிட்டது. மிகப் பெரிய சுரப்பிகளையும் தாரையின் வழியாகவே தோண்டி எடுக்கும் ஹோல்மியம் லேசர் முறையை நியூசிலாந்தில் கில்லிங் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990களில் உருவாக்கினர். பிரையர் விரலால் செய்ததை இன்று ஒளிக்கற்றை செய்கிறது.

இரு தலைவர்கள்

இந்நோயைப் பற்றிய அறிவு எத்துணை முக்கியமானது என்பதற்கு அரசியல் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தரலாம். 1963 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் மாக்மில்லனுக்குத் திடீரென்று மூத்திரம் அடைபட்டது. அது புற்றுநோயாக இருக்கக்கூடும் என்ற அச்சத்துடன் அவர் பதவி விலக முடிவு செய்தார். ரண சிகிச்சைக்குப் பின் அது வெறும் வீக்கமே என்று தெரிந்தது. அவர் அதன் பின் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1986இல் தம் 92ஆம் வயதில் காலமானார். மாக்மில்லன் விலகிய ஆறு மாதங்களுக்குப் பின், 1964 ஏப்ரலில் பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் தம் 73ஆம் வயதில் பாரிஸ் நகரில் இதே நோய்க்காக ரண சிகிச்சை செய்துகொண்டார். அவர் பணிக்குத் திரும்பி மேலும் ஐந்து ஆண்டுகள் நாட்டை ஆண்டார். மாக்மில்லனின் விலகலுக்கு அரசியல் காரணங்களும் உண்டென்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். எனினும், நோயின் தன்மை தெரியாத நிலையில் முடிவெடுப்பதற்கும் தெரிந்து முடிவெடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை இவ்விரு நிகழ்ச்சிகளும் விளக்குகின்றன. ஒரு நாட்டின் பிரதமர்க்கே அக்கலக்கம் நேருமாயின், கல்குளத்திலோ நெய்யாற்றின்கரையிலோ வாழும் ஒரு முதிய விவசாயிக்கு நேருவதில் வியப்பென்ன?

கத்தி யாருக்கு வேண்டும்?

இச்சிகிச்சையின் சிறப்பைக் கண்டு, வீக்கம் உள்ளோர் அனைவரும் விரைந்து செய்துகொள்ளுதல் வேண்டும் என்று கருதுவது தவறு. மீண்டும் மீண்டும் அடைப்பு, அடிக்கடி கிருமித் தொற்று, பையில் கற்கள், நில்லாத இரத்தப் போக்கு, சிறுநீரகக் கேடு: இவை இருப்பின் ரண சிகிச்சை தேவை என்பதில் ஐயமில்லை. இவை இல்லாதவர்க்கு மருந்துகள் உள்ளன. தாரையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும் மருந்துகள் சில நாட்களிலேயே பயன் தருகின்றன. சுரப்பியைச் சுருங்கச் செய்யும் பினாஸ்டிரைடு என்னும் மருந்து 1992 முதல் வழக்கில் உள்ளது. அது பயன் தர ஆறு மாதங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம்.

மருந்தும் இன்றிக் காத்திருப்பதும் ஒரு வழியே. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் நடுத்தர உபாதையுடைய 556 பேரிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. ஒரு பாதியினர்க்கு ரண சிகிச்சை செய்யப்பட்டது. மறு பாதியினர் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்குள் கண்காணிப்பில் இருந்தோருள் நான்கில் ஒரு பங்கினர் ரண சிகிச்சைக்கு வந்தனர். ஏனையோர்க்கு அது வேண்டியிருக்கவில்லை. சிகிச்சையால் மிகுந்த பயன் பெற்றவர்கள் யாவர் எனின், தொடக்கத்திலேயே தம் உபாதையால் மிகவும் வருந்தியவர்கள். இம்முடிவு ஆழ்ந்து கருதத்தக்கது. நடுத்தர உபாதையில், "எனக்கு இது எவ்வளவு தொல்லை?" என்ற கேள்விக்கு விடை கூறவல்லவர் நோயாளி ஒருவரே. எக்ஸ்-ரே படமும் இரத்தப் பரிசோதனையும் அதனைக் கூறா.

இவ்வுண்மையை ஒட்டியே, அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 1992இல் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. கழிந்த ஒரு மாதத்தில், முழுதும் கழியவில்லை என்ற உணர்ச்சி எத்தனை முறை இருந்தது, இரண்டு மணி நேரத்திற்குள் மீண்டும் போக நேர்ந்ததா, விட்டு விட்டு வந்ததா, அடக்க இயலவில்லையா, தாரை மெலிந்ததா, முக்க வேண்டியிருந்ததா, இரவில் எத்தனை முறை எழ நேர்ந்தது என்பனவே அவை. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 7 வரை இருப்பின் உபாதை சிறிது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் 35 வரை கடுமை. பின்னர், "இந்நிலையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்கவேண்டுமாயின் உமக்கு எப்படி இருக்கும்?" என்ற எட்டாவது கேள்வியும் சேர்க்கப்பட்டுச் சர்வதேச அளவில் வழங்கிவருகிறது. செலவில்லாத பரிசோதனை இது. ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆனால், கேள்வி நோயாளிக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும்.

பெயரும் அச்சமும்

மொழிபெயர்ப்புத் துறையில் பணிபுரிவோர் இவ்விடத்தில் கூறவேண்டியது ஒன்றுண்டு. கிரேக்க மொழியில் புராஸ்டேட் என்பதற்கு "முன்னே நிற்பது" என்று பொருள். ஹிந்தியில் அரசாங்கக் கலைச்சொல்லான புரஸ்த கிரந்தி என்பதும், தமிழில் முன்னிற்கும் சுரப்பி என்பதும் அப்பொருளைத் தழுவி அமைந்தவை. ஆனால் மக்கள் வழக்கில் பரவியவை வேறு. ஹிந்தியில் பௌருஷ கிரந்தி என்கின்றனர். தமிழ் ஏடுகள் சிலவற்றில் ஆண்மைச் சுரப்பி என்று எழுதுகின்றனர். இப்பெயர் பிழையானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும். ஆண் தன்மையை உண்டாக்கும் ஹார்மோனைச் சுரப்பவை விரைகளே அன்றிப் புராஸ்டேட் அன்று. "ஆண்மைச் சுரப்பியை அறுத்து எடுக்கப் போகிறோம்" என்று கேட்ட முதியவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இருப்பாரா? ஒரு தவறான சொல் ஒரு மனிதனைச் சிகிச்சையினின்றும் விரட்டிவிடக்கூடும். கலைச்சொல் ஆக்குவோர் இதனைச் சிறு விஷயமாகக் கருதலாகாது. புராஸ்டேட் என்ற சொல்லையே தமிழ் எழுத்தில் வழங்குவது நலம். அது எந்தத் தவறான எண்ணத்தையும் எழுப்புவதில்லை.

ஆயினும், அச்சத்தை நீக்குவதற்காக உண்மையை மறைப்பதும் தகாது. தாரை வழிச் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்கு விந்து வெளிவராமல் பின்னோக்கி மூத்திரப்பைக்குள் சென்றுவிடுகிறது. இதனால் உடலுக்குக் கேடு இல்லை. தாம்பத்திய சக்தி பெரும்பாலும் குன்றுவதும் இல்லை. மேற்கூறிய 1995ஆம் ஆண்டு ஆராய்ச்சியும் இதனையே காட்டிற்று. ஆனால், முன்னரே சொல்லப்படாதவர் இம்மாறுதலைக் கண்டதும், தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். தம் கலக்கத்தை மனைவியிடமும் சொல்லார், டாக்டரிடமும் கேளார். பக்கத்து வீட்டு முதியவரிடம், "நீ அதற்குப் போகாதே" என்று மட்டும் சொல்லிவைப்பார். சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் விலை இது. மிகச் சிலர்க்கு மூத்திரம் அடங்காமற் போதலும், ஆண்டுகள் சில சென்றபின் மீண்டும் சிகிச்சை தேவைப்படுதலும் உண்டு என்பதையும் கூறவேண்டும்.

சம்மதம் எம்மொழியில்?

2008 ஜனவரியில் ஸமீரா கோஹ்லி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, நோயாளியின் சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்திற்று. சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், அபாயம், மாற்று வழிகள், செய்யாவிடில் விளையக்கூடியது ஆகியவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, கையொப்பம் வாங்கும் தாள் நோயாளிக்குத் தெரியாத மொழியில் இருக்குமாயின் அச்சம்மதம் என்ன சம்மதம்?

திருவனந்தபுரத்தில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1951 நவம்பரில் பிரதமர் நேரு திறந்துவைத்த இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி. 1956 நவம்பர் முதல் நாள் ராஜ்ய எல்லைகள் மாறிக் கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. ஆயினும் அங்குள்ள தமிழ் மக்கள் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வருவது நிற்கவில்லை. எல்லைக்கு இப்பாலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுள் முதியவர்கள் மலையாளத்தைக் கேட்டு ஒருவாறு அறிவர்; படிக்க அறியார். ஆங்கிலமோ அதனினும் தூரம். மலையாளத்தில் "மூத்ரம் ஒழிக்குக" என்று டாக்டர் இயல்பாகக் கேட்பதை, "ஒன்றுக்குப் போவது" என்றே வாழ்நாள் முழுதும் சொல்லிப் பழகியவர் தயங்கித் தயங்கியே புரிந்துகொள்கிறார். உடன் வந்த மகளோ மருமகளோ இடைநின்று மொழிபெயர்க்கிறார். அப்போது அம்முதியவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பதை ஊகித்தல் எளிது.

மருத்துவத்தைத் தமிழில் எழுதவியலாது என்று எவரும் கூறவியலாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய "இரண வைத்தியம்" 1867இல் வெளிவந்தது. "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூல் 1875இல், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலிலேயே அச்சிடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ரண சிகிச்சை நூல் முழுவதையும் தமிழில் தரமுடிந்ததெனில், இன்று இரண்டு பக்கச் சம்மதத் தாளைத் தரமுடியாதா?

குழாயோடு வாழ்வோர்

இவ்விஷயத்தில் வெட்கம் எவ்வளவு வீணானது என்பதற்கு, வைக்கம் போராட்டத்தால் இந்நாட்டார்க்கு நன்கறியப்பட்ட பெரியார் ஈ.வெ.ராமசாமி நல்ல எடுத்துக்காட்டு. அவர் தம் இறுதி ஆண்டுகளில் மூத்திரக் குழாயும் கலமும் தாங்கியே ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசினார். 1973 டிசம்பரில் தம் 94ஆம் வயதில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலமானார். அவருடைய கொள்கைகளை ஏற்போரும் மறுப்போரும் ஒருங்கே கண்ட காட்சி அது. ஆனால், அத்தகைய மனத்திடம் அனைவர்க்கும் வாய்ப்பதன்று. குழாய் பொருத்தப்பட்ட முதியவர் பெரும்பாலும் வீட்டின் ஓர் அறைக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறார்.

கேரள அரசாங்கம் 2008இல் நோய்த்துயர் தணிப்புக்கென ஒரு கொள்கையை வகுத்தது. நாட்டிலேயே அதுவே முதன்மையானது. அதன்படி பஞ்சாயத்துத்தோறும் நர்சுகள் வீடு தேடிச் சென்று, படுக்கையில் கிடப்போரைப் பேணுகின்றனர். குழாயை மாற்றித் தருகின்றனர். மிகவும் போற்றத்தக்க தொண்டு இது. இத்தொண்டுடன் ஒரு கேள்வியும் சேர்தல் வேண்டும்: "இவருக்கு இக்குழாய் ஏன் இருக்கிறது?" பக்கவாதத்தாலோ தண்டுவட நோயாலோ குழாய் தேவைப்படுவோர் உண்டு. ஆனால், புராஸ்டேட் வீக்கத்தால் ஒருமுறை அடைபட்டு, குழாய் பொருத்தப்பட்டு, பின்னர் சிறுநீரியல் நிபுணர் ஒருவரும் காணாமல் மாதந்தோறும் குழாயை மாற்றிக்கொண்டே காலம் கழிப்போரும் இருத்தல் கூடும். வயதைக் காட்டியே இவர்களை விலக்கிவிடுதல் நியாயமன்று. முதுகெலும்பின் வழி மரத்துப் போகச் செய்து நடத்தும் இச்சிகிச்சையை எண்பதைக் கடந்தோரும் தாங்குகின்றனர். இதயமும் நுரையீரலும் எவ்வாறுள்ளன என்பதே கேள்வி. பிறந்த ஆண்டு அன்று.

கைத்திறன் இருந்தும் கருவி இல்லையேல் பயனில்லை. 2025 ஜூன் இறுதியில், திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிறக்கல், கருவிகள் வந்துசேராமையால் சிகிச்சைகளை ஒத்திப்போட நேர்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். அரசாங்கம் விசாரணைக் குழுவை அமைத்தது. கருவிகள் சில நாட்களுக்குள் ஐதராபாத்திலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தன. அதன் அரசியலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதிலிருந்து பெறத்தக்க பாடம் யாதெனில், தாரை வழிச் சிகிச்சை முற்றிலும் கருவிகளைச் சார்ந்தது என்பதும், சில நாட்களில் வரவழைக்கக்கூடிய பொருளுக்காக நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுமாம். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் குழாயோடு கழியும் வாரம். குழாயோடு கழியும் வாரமெல்லாம் கிருமி புகக்கூடிய வாரம்.

செய்யத்தக்கவை

செலவு என்னும் தடை முன்போல் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசாங்கம் தன் ஆரோக்கியக் காப்புத் திட்டத்தை, வருமானத்தைக் கருதாது எழுபது வயதைக் கடந்த அனைவர்க்கும் விரிவாக்கிற்று. எஞ்சியுள்ளவை பெருஞ்செலவு வேண்டாத காரியங்களே. முதலாவதாக, எட்டுக் கேள்விகள் அடங்கிய பட்டியலை எளிய தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அறுபதைக் கடந்த ஆடவர் ஒவ்வொருவர்க்கும் அளிக்கலாம். நீரிழிவிற்காக மருந்து வாங்க வருவோரே பலர் ஆதலால் இது எளிது. இரவில் அடிக்கடி எழுவதைச் "சர்க்கரையினால்" என்று எண்ணிப் பேசாதிருப்போரும் இதனால் வெளிப்படுவர். இரண்டாவதாக, சிகிச்சைக்கு முன் அளிக்கும் விளக்கத் தாள் நோயாளியின் மொழியில் இருத்தல் வேண்டும். பின்விளைவுகளைக் கூச்சமின்றிக் கூறுதல் வேண்டும். மூன்றாவதாக, குழாயோடு வாழும் ஒவ்வொருவரையும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் நிபுணர் ஒருவர் பார்த்து, குழாயினின்றும் விடுவிக்கக் கூடுமா என்று தீர்மானித்தல் வேண்டும். நான்காவதாக, கருவிகளுக்கும் அவற்றின் உதிரி உறுப்புகளுக்கும் முன்கூட்டியே கையிருப்பு வைத்தல் வேண்டும்.

டாக்டர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை என்று சிலர் கூறுவர். நெரிசல் மிகுந்த நம் ஆஸ்பத்திரிகளில் அக்கூற்று பொய்யன்று. ஆனால், வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவரப்பட்ட தாள் டாக்டரின் நேரத்தை மிச்சப்படுத்துமேயன்றி வீணாக்காது. பிரையர் காலத்தில் நோயாளி அறியவேண்டியது ஒன்றே: கத்தியா, குழாயா என்பது. இன்று காத்திருத்தல், மருந்து, மின்வளையம், லேசர் எனப் பல வழிகள் உள்ளன. வழிகள் பெருகப் பெருக, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் உரிமையும் நோயாளிக்கு மிகுகின்றன. அவ்வுரிமை ஆங்கிலம் கற்றோர்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடலாகாது. முதியவர்களும் தம் பங்கிற்கு, இரவில் நான்கு முறை எழுவதை முதுமையின் விதி என்று பொறுத்துக்கொண்டிராமல், அடுத்த முறை டாக்டரைக் காணும்போது வாய்விட்டுச் சொல்வார்களாக.